இடது கிருதா

கடை மறுபடி திறந்த ஞாயிற்றுக்கிழமை காலை உள்ளே இருந்தவர்கள்: சலூன்காரர், தலையில் கம்பளித் தொப்பியோடு. அவர் மனைவி, கையில் சாவிக்கொத்தோடு. தெருவில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். டாக்டர், மூக்கில் கண்ணாடியோடு. கணக்கு வாத்தியார், சட்டைப்பையில் ஆறங்குல ஸ்கேலோடு. பஸ் டிரைவர், சும்மா. எதிர்க்கடைக்காரர் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வாசற்படியிலும் வைத்திருந்ததால் அவரைப் பாதி ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

முடி வெட்டுகிற நாற்காலி காலியாக இருந்தது.

அண்ணி அதைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்ததுதான். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"யாரு மொதல்ல?" என்றார் சலூன்காரர், கத்திரியைக் காற்றில் ரெண்டு தடவை வெட்டிக் காட்டி.

வாத்தியார் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் சுவரைப் பார்த்தார். சுவரில் 'அரசியல் பேசாதீர்' என்ற பழைய பலகை. அதன் கீழே 'வைத்தியமும் பேசாதீர்' என்று அண்ணி புதிதாக எழுதி ஒட்டியிருந்தாள்.

"நான் போன வாரம்தான் வெட்டினேன்" என்றார் வாத்தியார்.

"எங்க வெட்டினீங்க?"

வாசலில் எதிர்க்கடைக்காரர் தன் செருப்பை ஆராய்ந்தார்.

"எனக்கு இப்ப டூட்டி" என்றார் டிரைவர்.

"டூட்டின்னா பஸ் எங்கய்யா?"

"அது... வரும்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. பயமும் கூடவே வந்தது. சுவர்க் கண்ணாடியின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை அவள் ஒட்டிய சிவப்பு டேப் பளிச்சென்று தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு கண் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் சொன்ன வழி அது: இடது பக்கம் தானாகக் கண்ணில் படாது, தலையைத் திருப்பித் தேட வேண்டும், சிவப்பு தெரிகிறவரை தேடலை நிறுத்தக் கூடாது. வீட்டில் கதவு நிலையில், தட்டின் ஓரத்தில், செய்தித்தாளின் ஓரத்தில் எல்லாம் சிவப்பு ஒட்டி ரெண்டு மாதம் பழக்கியாகிவிட்டது. மனிதர் இப்போது எங்கும் முட்டிக்கொள்வதில்லை. கடைசியாக எடுத்த பரிசோதனையில் ஓரத்தில் ஒரு கீற்று தவிர மீதிப் பார்வை திரும்பிவிட்டது என்றார்கள். ஆனால் தட்டும் தாளும் வேறு, தலை வேறு. நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவரே சொல்லிவிட்டார்: "நாளைக்கு ஒரு தலை. ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்தா கடை. வரலைன்னா கத்திரியைத் தூக்கி வச்சுடுறேன். கோணத் தலைக்குன்னு ஒரு கடை எதுக்கு?" அந்த ஒரு தலை நேராக வர வேண்டும். அண்ணிக்கு இன்றைக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

தலைவலி தொடங்கியது போன மழைக்காலத்தில். அப்போதே கண்டுபிடித்திருக்க வேண்டியது. கண்டுபிடிக்காமல் போனதற்குக் காரணம் டாக்டர் வராதது அல்ல. வந்ததுதான்.

டாக்டர் பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருக்கிறார். கெட்டிக்காரர், கிளினிக்கில் உட்கார்ந்தால் வந்தவனின் நகத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவார். ஆனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை இந்தச் சலூன் நாற்காலியில் சாய்ந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு ஆளும் தெரியாது, அலமாரியும் தெரியாது. சலூன்காரரின் தலைவலிக்கு வைத்தியம் முழுக்க அந்த நாற்காலியில்தான் நடந்தது. நோயாளி பின்னால் நின்று வெட்டுவார். வைத்தியர் துணி போர்த்திக்கொண்டு கண்மூடிச் சொல்வார்.

"டாக்டர், தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"எங்க?"

"பின்னாடி."

"நாள் பூரா நின்னு, கழுத்தைக் குனிஞ்சு வேலை பாக்குறீங்க. கழுத்துப் பிடிப்பு. மாத்திரை எழுதித் தர்றேன். காதுகிட்ட கொஞ்சம் பாத்து."

அடுத்த முறை: "மாத்திரைக்குக் கேக்கலியே டாக்டர்." "அப்ப கண்ணு பவரா இருக்கும்." கண்ணாடி வாங்கினார்கள். அதற்கடுத்த முறை: "கண்ணாடி போட்டும் வலிக்குது." "தூக்கம் எப்படி? ராத்திரி ரொம்ப நேரம் டிவி பாக்காதீங்க." டிவியை நிறுத்தினார்கள். ஒருமுறை அண்ணியே குறுக்கே பேசினாள்.

"காலையில எந்திரிக்கும்போதுதான் ஜாஸ்தியா இருக்கு டாக்டர். குனிஞ்சா தலை பொளக்குதுங்கிறார். வாந்தி வேற எடுக்கிறார்."

"வெறும் வயித்துல மாத்திரை போட்டா அப்படித்தான் அண்ணி. ஏதாவது சாப்பிட்டுட்டுப் போடச் சொல்லுங்க."

அவள் தலையாட்டினாள். டாக்டர் கடை தேடி வரும்போது கிளினிக்கில் போய் டோக்கன் வாங்கி யார் உட்காருவார்கள்? அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. டாக்டரின் கண்ணாடியை மெத்தென்ற துணியால் துடைத்து, வெட்டி முடிகிறவரை பத்திரமாக வைத்திருப்பாள். அந்த ஆறேழு மாதமும் டாக்டரின் கண் அவள் கையில்தான் இருந்தது என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வீட்டில் வேறு கூத்து. மனிதர் தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். இடது பாதி வைத்தது வைத்தபடி. அங்கேதான் அவள் காய் வைப்பாள்.

"என் சமையல் பிடிக்கலைன்னா வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"நீ இன்னைக்குக் காயே வைக்கலியே!"

"கண்ணு முன்னாடி மலை மாதிரி இருக்கு, வைக்கலியாம்! இருபது வருஷம் கழிச்சு இப்பத்தான் குத்தம் தெரியுதோ?"

மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. நாலாம் நாள் காயை அவள் வலது பக்கம் வைத்தாள், வேண்டுமென்றே அல்ல, அவசரத்தில். வழித்துச் சாப்பிட்டார். சமாதானமாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். இடது தோளில் கதவு நிலை இடித்து நீலம் பாரித்திருந்ததற்கு, அலமாரியை அவள் நகர்த்தி வைத்ததுதான் காரணம் என்று அவர் சண்டை போட்டார். அலமாரி கல்யாணமான நாளிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது.

கடையில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் உச்சம். வெட்டிவிட்டு வெளியே போகிற ஒவ்வொருவருக்கும் இடது கிருதா வலதைவிட ஒரு விரல் கீழே இறங்கி நின்றது. இடது காதுக்குப் பின்னால் ஒரு கொத்து முடி குருவிக்கூடு மாதிரி தங்கியிருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. சலூன்காரரின் அப்பா காலத்திலிருந்து இங்கே வெட்டிக்கொள்கிறவர்கள்; முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? வயசாகுது, கண்ணு மங்குது, பாவம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வாத்தியார் வகுப்பில் தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்று பாடம் நடத்தினார். பிள்ளைகள் அவருக்கு 'சாய்வு கோபுரம்' என்று பெயர் வைத்தார்கள். டிரைவர் தொப்பி வாங்கினார். அதுவும் போதாதபோது ஒவ்வொருவராகப் பின் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு, இடது பக்கத்தைச் சரிசெய்துகொள்ள எதிர்ச் சலூனுக்குப் போனார்கள்.

எதிர்க்கடைக்காரர் வேறு யாருமில்லை, சலூன்காரரின் தங்கை புருஷன். இந்தக் கடையில்தான் தொழில் பழகினார். ஒருநாள் முடி வெட்டுகிற மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "என் கடைக்குள்ள கத்திரிச் சத்தம்தான் கேக்கணும். ஆட்டுக்கு ரோமம் எடுக்கிற சத்தம் கேக்கக் கூடாது" என்றார் சலூன்காரர். "ஆடு நல்லாத்தானே இருக்கு மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. அதோடு முடிந்தது. மாப்பிள்ளை தெருவுக்கு அந்தப் பக்கம் கடை போட்டார். அப்போதிருந்து ரெண்டு பேரும் முகம் பார்த்துப் பேசியதில்லை. கல்யாண வீட்டில்கூட ஒருவருக்கு ஒருவர் தண்ணீர் நகர்த்தி வைக்க மாட்டார்கள்.

இனி நடந்ததை அண்ணிக்குச் சொன்னவர் பஸ் டிரைவர். அவர் சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டால் மிச்சம் இது.

டாக்டரின் மனைவி டாக்டரைப் பார்த்து, இந்தத் தலையோடு என் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். டாக்டர் சந்து வழியாக எதிர்க்கடைக்குப் போனார். உள்ளே பெஞ்சில் வாத்தியார், டிரைவர், இன்னும் ரெண்டு பேர். யாரும் யாரையும் பார்க்கவில்லை, திருட்டுத்தனமாகச் சினிமாவுக்கு வந்தவர்கள் மாதிரி. டாக்டரைக் கண்டதும் மரியாதைக்கு வழிவிட்டார்கள். டாக்டர் உட்கார்ந்தார். மாப்பிள்ளை துணியைப் போர்த்தினார்.

"இடது பக்கம் மட்டும்தானே டாக்டர்?"

"எப்படித் தெரியும்?"

"அங்கேருந்து வர்ற எல்லாருக்கும் இடதுதான். ஆறு மாசமா நான் வலது பக்கமே வெட்டினதில்ல."

டாக்டர் கண்ணைத் திறந்தார். அவர் இன்னும் கண்ணாடியைக் கழற்றவில்லை. வாங்கி வைத்துக்கொள்ள அங்கே அண்ணி இல்லை. எதிரே கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தார். திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். நாலு தலை. நாலு இடது கிருதா. நாலு குருவிக்கூடு. ஒருவன் கை தடுமாறினால் ஒருநாள் இந்தப் பக்கம் போகும், ஒருநாள் அந்தப் பக்கம் போகும். இப்படி வரிசையாக ஒரே பக்கம் போகாது. காலையில் வலி. குனிந்தால் வலி. வாந்தி. எல்லாம் அவர் காதில் விழுந்ததுதான்.

"அட கடவுளே" என்றார் டாக்டர். எழுந்து ஓடினார்.

இதற்குப் பிறகு அண்ணி நேரிலேயே பார்த்தாள். கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணி முதுகுக்குப் பின்னால் இறக்கை மாதிரி பறக்க, ஒரு லாரியைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு டாக்டர் தெருவைக் கடந்து வந்தார். கடைக்குள் வந்து மூச்சு வாங்கச் சலூன்காரரின் முன்னால் நின்றார்.

"என் மூக்கைப் பாருங்க. மூக்கை மட்டும்."

"என்ன டாக்டர், அந்தக் கடைத் துணியைப் போட்டுக்கிட்டு..."

"மூக்கு!" டாக்டர் ஒரு கையைச் சலூன்காரரின் இடது பக்கம் நீட்டி விரல்களை ஆட்டினார். "எத்தனை விரல்?"

"எந்த விரல்?"

தட்டின் இடது பாதி, கதவு நிலை, அலமாரி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அண்ணியின் தலைக்குள் வந்து வரிசையில் நின்றன.

டாக்டர் தன் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். துணியை அங்கே போய்த்தான் அவிழ்த்தார். வாசலில் இருந்த காவலாளி அவரையும் நோயாளி என்று நினைத்துச் சக்கர நாற்காலி கொண்டுவந்தான். அன்று மாலைக்குள் ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். வலது பக்கம், பின்மண்டைக்குள், எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. மூளையின் வலது பாதிதான் இடது பக்கத்தைப் பார்க்கிறது என்று விளக்கினார்கள். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் இந்தப் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும் என்றார் ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர். படத்தை அண்ணி வெகுநேரம் பார்த்தாள்.

"வாடகை குடுக்காம எத்தனை நாளா குடியிருக்கு பாரு, சனியன்" என்றாள்.

ஆபரேஷன் நடந்த நாள் முழுக்க நம்ம டாக்டர் தாழ்வாரத்தில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர். அன்று நேராகப் பேசினார்.

"அண்ணி, இது என் தப்பு. என்கிட்ட வர்ற எவனா இருந்தாலும் எந்திரிச்சு நிக்க வச்சுக் கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்திருப்பேன். இவரை ஒருநாள்கூட நான் திரும்பிப் பாக்கல."

"ஆமா, பாக்கல" என்றாள் அண்ணி. இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிறகு, "கண்ணாடியை வாங்கி வச்சுக்கிட்டவ நான்தானே" என்றாள். "இனிமே தலைவலின்னு யார் சொன்னாலும் உங்க ரூம்ல, உங்க நாற்காலியில. கடையில வேண்டாம்."

"சத்தியமா."

சாயங்காலம் கட்டி முழுசாக வந்துவிட்டது, நல்ல கட்டிதான் என்றார்கள். "கட்டியில நல்லது என்ன, கெட்டது என்ன?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டுப் புரிந்துகொண்டு, பிறகுதான் அழுதாள். கண் விழித்த சலூன்காரர் முதலில் தலையைத் தடவிப் பார்த்தார். பின்மண்டையில் பேண்டேஜைச் சுற்றி வலது பாதி வழவழவென்று இருந்தது. மீதி அப்படியே இருந்தது.

"எதால எடுத்தாங்க?" என்றார் ஈனமான குரலில்.

"மெஷின்தான்" என்றாள்.

"ஐயோ" என்று கண்ணை மூடிக்கொண்டார். புருஷன் பிழைத்துவிட்டான் என்று அவளுக்கு அப்போதுதான் முழு நம்பிக்கை வந்தது.

அன்றிலிருந்து தொப்பி. பாதி மொட்டையாக, பாதி காடாக இருந்த அந்தத் தலையைச் சரிசெய்ய அவர் யாரையும் விடவில்லை. "நான் ஒரு தலையை நேரா வெட்டாத வரைக்கும் என் தலையை ஒருத்தன் தொடக் கூடாது." பிடிவாதம் கட்டியோடு போகவில்லை.

இப்போது நாற்காலி காலியாக இருக்கிறது. அன்று ஓடி வந்ததிலிருந்து எங்கேயும் முடி வெட்டிக்கொள்ளாத டாக்டர் எழுந்தார்.

"நான் உக்கார்றேன்."

துணி போர்த்தப்பட்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"கழட்டுங்க டாக்டர், காதுகிட்ட வெட்டணும்."

"மாட்டேன். சுத்தி வெட்டுங்க."

"கம்பியைச் சுத்தி வெட்ட இது என்ன தோட்டமா?"

"கழட்ட மாட்டேன்னா கழட்ட மாட்டேன்."

டிரைவர் சிரித்தார். கத்திரி பேசத் தொடங்கியது. அண்ணி அந்தச் சத்தத்தைக் கேட்டு ரெண்டு மாதமாகிவிட்டது. முடி விழ விழ சலூன்காரரின் தோள் இறங்கியது, கை பழைய தாளத்துக்கு வந்தது. வலது பக்கம் முடிந்தது. வலது கிருதா கோடு போட்ட மாதிரி நின்றது. பின்பக்கம் முடிந்தது. இடது பக்கம் வந்தார். காதுக்குப் பின்னால் குருவிக்கூடு போயிற்று. அண்ணி மூச்சை விட்டாள். சலூன்காரர் பின்னால் நகர்ந்து, கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கத்திரியைக் கீழே வைத்தார்.

"முடிஞ்சுது."

இடது கிருதா ஒரு விரல் கீழே இறங்கி நின்றது.

வாத்தியார் பையிலிருந்து பாதி எடுத்த ஸ்கேலை மறுபடி உள்ளே தள்ளினார். டிரைவர் மறுபடி பலகையைப் படித்தார். டாக்டர் மூக்குக் கண்ணாடிக்குள்ளிருந்து வெறித்துப் பார்த்தார். அவ்வளவுதான், கடை போயிற்று என்று அண்ணி நினைத்தாள்.

"மச்சான்."

வாசலில் இருந்த மாப்பிள்ளை இன்னொரு காலையும் உள்ளே வைத்துவிட்டார். மெஷின் வந்த நாளுக்குப் பிறகு அவர் அந்த வார்த்தையைச் சொல்வது இதுதான் முதல்முறை.

"இடது கிருதா எறங்கியிருக்கு மச்சான்."

சலூன்காரர் திரும்பவில்லை. கண்ணாடியின் ஓரத்தில் இருந்த சிவப்பு டேப்பை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அவர் மீசை ஆடத் தொடங்கியது.

"தெரியும்டா. நல்லாத் தெரியுது. வேணும்னுதான் விட்டேன்." கத்திரியை எடுத்தார். "எவனாவது ஒருத்தன் வாயைத் தொறக்குறானான்னு பாக்கணும்ல? ஆறு மாசம் கோணத் தலையோட தெருவுல நடந்தீங்களே, ஒருத்தன் சொன்னானா? மரியாதையாம் மரியாதை! அந்த மரியாதையில என்னைக் கொன்னிருப்பீங்கடா!"

"நான் சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றார் வாத்தியார்.

"நீங்க எடுத்தது ஸ்கேல். அதையும் உள்ள தள்ளினீங்க. பாத்தேன். என் இடது பக்கம்தான் நீங்க நிக்கிறீங்க."

அதைக் கேட்டதும் டாக்டர் துணிக்குள்ளிருந்து கைதட்டிவிட்டார். அண்ணி சாவிக்கொத்தாலேயே புருஷன் முதுகில் ஒன்று போட்டாள். "இதயம் நின்னு போச்சுய்யா எனக்கு! வெளையாட்டா இது?" அடித்துக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். இடது கிருதா மூன்று வெட்டில் மேலே ஏறியது. வாத்தியாரை ஸ்கேலோடு கூப்பிட்டு அளக்கச் சொன்னார்கள். அவர் ரெண்டு பக்கமும் வைத்துப் பார்த்து, முழு மதிப்பெண் போட்ட முகத்தோடு நிமிர்ந்தார். அதன் பிறகு நாற்காலிக்கு அடிதடி. டூட்டிக்குப் போக வேண்டிய டிரைவர்தான் முதலில் இடம் பிடித்தார். எந்தத் தலையும் கோணவில்லை.

மதியம் அண்ணி எல்லாரையும் வெளியே தள்ளினாள். அரை நாள்தான் வேலை என்பது ஆஸ்பத்திரி போட்ட கட்டளை. மாப்பிள்ளை மட்டும் நகரவில்லை. சலூன்காரர் அவர் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருடா இது வெட்டினது? எலி கடிச்ச மாதிரி இருக்கு."

"நானேதான். ரெண்டு கண்ணாடி வச்சு."

"எதிர்ல நின்னு இதைப் பாத்துப் பாத்தே எனக்குத் தலைவலி வந்திருக்கும். உக்காரு, எடுத்து விடுறேன்." பிறகு மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். ஒரு பக்கம் கட்டை கட்டையாக முளைத்தும் இன்னொரு பக்கம் காதை மூடியும் கிடந்தது தலை. நடுவில் தழும்பு லாடம் மாதிரி வளைந்து போனது. "இதுக்கும் ஒரு வழி பண்ணணும்."

"கத்திரியில வராது மச்சான். ஒரே மட்டமா வரணும்னா..." மாப்பிள்ளை அண்ணியைப் பார்த்தார். அண்ணி கூரையைப் பார்த்தாள்.

"வாயால சொல்லாத" என்றார் சலூன்காரர். "போய் எடுத்துட்டு வா. துண்டுல சுத்திக் கொண்டுவா. எவன் கண்ணுலயாவது பட்டுச்சு, அடுத்த கோணத் தலை உன்னுதுதான்."

மாப்பிள்ளை ஓடினார். டாக்டர் ஓடியதைவிட வேகம் என்று அண்ணி நினைத்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் டிரைவரும் வாத்தியாரும் தங்கள் புதுத் தலைகளோடு இன்னும் பேசிக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை பச்சைப் பிள்ளையைத் தூக்கிவருகிற மாதிரி துண்டுப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர்களைத் தாண்டி வந்தார்.

"என்னய்யா அது?" என்று கத்தினார் டிரைவர்.

"ஒண்ணுமில்ல, துண்டு!"

சலூன்காரர் ஏற்கெனவே நாற்காலியில் ஏறி, துணியைத் தானே கழுத்தில் கட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை உள்ளே நுழைந்ததும் அண்ணி ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி, சாவியை ரெண்டு தடவை திருப்பிப் பூட்டினாள்.